மழை நாளில் செய்த விற்கள்

மாமனாரை மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்த அன்று, வீட்டில் இருந்த ஒரே காய்ந்த அறையை அவள் அவருக்கு விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தாள் என்று சொல்வதுகூட அவ்வளவு சரியில்லை. யாரும் அவளைக் கேட்கவில்லை. கணவன் அப்பாவைத் தோளில் தாங்கியபடி செருப்போடு நேரே உள்ளே நடந்தான், கதவைக் காலால் தள்ளித் திறந்தான், கயிற்றில் வரிசையாகத் தொங்கிய விற்களைப் பார்த்து, "இதையெல்லாம் கொஞ்சம் எடுத்துடேன்," என்றான். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்வது போல.

அவள் எடுத்தாள். ஒவ்வொன்றாக, நடுப்பிடியைப் பற்றி, முனை எதிலும் இடிக்காமல்.

மரத்தில் வில் செய்வதுதான் அவள் தொழில். வீட்டின் முன் அறைதான் பட்டறை. பெண்கள் வில்வித்தைக் கழகம் ஒன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு வில் கேட்டிருந்தது. இழைத்து, வளைவு சமன் பார்த்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, எல்லாம் முடிந்துவிட்டது. வார்னிஷ் பூசுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. ஈரக்காற்றில் வார்னிஷ் பூசினால் காயாது, பால் ஊற்றியது போல் வெளுத்துப் பிசுபிசுவென்று நிற்கும். பூசாமல் வைத்தாலோ மரம் காற்றிலிருக்கும் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் குடித்த வில்லில் நாண் ஏற்றினால் வளையும், ஆனால் நிமிராது. முதுகு கூனியது கூனியதுதான்.

அதனால்தான் அவற்றை உள் அறையில் வைத்திருந்தாள். அந்த அறைக்கு வெளிச்சுவர் கிடையாது. பின்பக்கச் சுவருக்கு அப்பால் பக்கத்து ரொட்டிக்கடையின் அடுப்பு. மழை எத்தனை நாள் அடித்தாலும் அந்தச் சுவரில் கை வைத்தால் இதமாகச் சுடும்.

நெஞ்சுச் சளி கட்டிய கிழவருக்கும் அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. அதை அவளும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. காற்று சூடாக, ஈரமாக இருக்க வேண்டும், தூசியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆவி விடும் இயந்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். "வீட்ல தூசி எதுவும் உண்டா?" என்று அவர் கேட்டபோது கணவன் தரையைப் பார்த்தான். மாமனார் அவளைப் பார்த்தார்.

கப்பல் பட்டறையில் ஆயுசு முழுக்கப் பெயிண்ட் அடித்தவர் அவர். சிகரெட்டும் நன்றாகவே ஊதியிருந்தார். அதையெல்லாம் அந்த நேரத்தில் யாரும் எடுத்துப் பேசவில்லை. மரத்தூள் மட்டும்தான் டாக்டரின் அறையில் எல்லோர் மனதிலும் பறந்தது.

மாமனாரும் அவளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேச்சு குறைந்து, குறைந்து, ஒருநாள் நின்றே போயிற்று. கணவன் வீட்டில் இருந்தால் அவன் வழியாகப் பேசுவார்கள். அவன் பஸ் ஓட்டப் போயிருந்தால் கிழவர் சுவரைப் பார்த்துச் சொல்வார்: "டீ ஆறிப்போச்சு." அவளும் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்: "சுட வைக்கிறேன்."

விற்கள் முன் அறைக்கு வந்தன. முன் அறைச் சுவர் தெருவைப் பார்த்தது. காலையில் விரலால் தொட்டால் விரல் நனையும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை மூலைக்கு மூலை வைத்தாள். நாள்தோறும் அவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டினாள். கொட்டிவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி சேர்வது போலிருந்தது. சமையலறைத் தராசில் ஒவ்வொரு வில்லாக எடை பார்த்து, அதன் வயிற்றுப் பக்கம் பென்சிலால் குறித்து வைத்தாள். எடை ஏறிக்கொண்டே வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் பன்னிரண்டும் குடித்துக்கொண்டிருந்தன.

இடையில் கணவன் ஒரு உதவி செய்தான். அவள் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், பெரிய பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து விற்களை ஒன்றாகச் சேர்த்து, இறுக்கிச் சுற்றி, ஒட்டுநாடா போட்டு வைத்திருந்தான்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போகாது," என்றான் பெருமையாக.

"உள்ள இருக்கறது எப்படிங்க வெளிய போகும்?"

அவன் யோசித்தான். பாவம், காலையிலிருந்து வெள்ளத்தில் பஸ்ஸை ஊர்ந்து ஓட்டிவிட்டு வந்தவன். கத்தரிக்கோலை எடுத்து அவளோடு உட்கார்ந்து ஒட்டுநாடாவை அறுத்தான். அதற்குள்ளேயே தாளின் உட்புறம் வியர்த்திருந்தது.

அவளுக்கு அந்த நாட்களில் தூக்கம் என்பது துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மாமனாருக்கு ஆவி இயந்திரத்தில் தண்ணீர் மாற்ற வேண்டும். மருந்து கொடுக்க வேண்டும். முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டும். அவர் இருமும்போது வீடே இருமுவது போலிருக்கும். "செடிக்குத் தண்ணி காட்டற மாதிரி காட்டறாங்க என்னை," என்று அவர் இயந்திரத்தைப் பார்த்துச் சொல்வார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவாள். சிரித்தால் பேசியதாக ஆகிவிடுமே.

நாத்தனாருக்கு விஷயம் அண்ணன் மூலமாகப் போயிற்று. அவள் புது அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்தாள். போன் செய்தாள்.

"ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எங்க வீடு சும்மா அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு. கொண்டு வந்து போடுங்க."

"உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்."

"அப்பாவை நீங்க பாத்துக்கறீங்க. உங்க குச்சிங்களை நான் பாத்துக்க மாட்டேனா?"

குச்சிகள் என்றது சுருக்கென்று பட்டது. ஆனால் சொன்ன மனசு நல்ல மனசு. மறுநாளே கணவனின் பஸ்ஸில் கடைசி இருக்கை முழுக்க விற்களைக் கிடத்தி, போர்வை போர்த்தி எடுத்துப் போனார்கள். "யாருப்பா அது, இவ்வளவு மெலிஞ்சு போய்ப் படுத்திருக்காங்க?" என்று கண்டக்டர் கேட்டார். நாத்தனாரின் படுக்கையறையில், அலமாரி மேல், மட்டமாகப் படுக்க வைத்தாள். மூலையில் சாய்த்து வைக்காதே, கோணிப் போகும், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதே என்று சொன்னாள். நாத்தனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அவளால் போய்ப் பார்க்க முடியவில்லை. மாமனாருக்கு ஜுரம் ஏறி இறங்கியது. விற்கள் பத்திரமாக இருக்கின்றன என்ற ஒரு நினைப்புதான் அந்த நாட்களில் அவளுக்கு இருந்த ஓய்வு.

ஜுரம் தணிந்த ஒரு மத்தியானம் போனாள். அலமாரி மேல் ஒன்றுமில்லை.

"அங்க வெச்சா சரியா காயலை அண்ணி," என்றாள் நாத்தனார். "வாங்க, காட்டறேன்."

துணி காயப்போடும் சின்ன அறை. தரையில் ஹீட்டர் ஒன்று சிவந்து, உஸ்ஸென்று சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே, துணிச்சட்டத்தில், விற்கள் வரிசையாக. நடுவில் சட்டைகளும் காலுறைகளும். இரண்டு விற்களைச் சேர்த்து அவற்றின் மேல் ஒரு பெட்ஷீட் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் பெட்ஷீட்டை விலக்கி ஒரு வில்லை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கை மேலே போயிற்று. அவ்வளவு லேசாக இருந்தது. விரல் கணுவால் தட்டினாள். டங்கென்று, காய்ந்த சுரைக்குடுவையைத் தட்டியது போல் கேட்டது. முனைப் பக்கம் திருப்பினாள். மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"ஹீட்டர் எத்தனை நாளா ஓடுது?"

"நீங்க விட்டுட்டுப் போன மறுநாள்லேர்ந்து. நிறுத்தவே இல்லை." நாத்தனார் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கும் களை இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அது மெல்ல வடிந்தது. "ஏன் அண்ணி? ஈரம்தானே ஆகாது?"

கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. அவள் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"மரத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேணும்மா. நாரு ஒடியாம வளைஞ்சு குடுக்கறதே அந்த ஈரத்தாலதான். இப்ப நாண் ஏத்தி இழுத்தா வளையாது. முறுக்கு மாதிரி ஒடியும்."

நாத்தனார் ஹீட்டரை அணைத்தாள். அணைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றாள். அழுகிறாள் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. "நான் ஒரு லூசு," என்றாள். அவளைச் சமாதானப்படுத்தும் வேலையும் இவள் தலையில் விழுந்தது. செய்தாள். பிறகு இருவருமாகக் காலுறைகளை எடுத்துவிட்டு விற்களை இறக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து எடை போட்டாள். பென்சில் குறிப்புகளுக்கு வெகு கீழே இருந்தது தராசு. சமையலறை மேசை மேல் விற்களை அடுக்கிவிட்டு அப்படியே நின்றாள். முன் அறையில் வைத்தால் ஈரம் ஒரேயடியாகப் பாயும், வெடிப்பு பெரிதாகும். பூஞ்சை வேறு. மெல்ல மெல்ல, சூடும் ஈரமும் சமமாக உள்ள இடத்தில் நாள் கணக்கில் தொங்க வேண்டும். குளியலறை சின்னது, ஒரு வில்லின் நீளம்கூட இல்லை.

கணவன் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். உள் அறையிலிருந்து இருமலும் அதன் பின்னால் குரலும் வந்தன.

"உன் பொண்டாட்டியை அதையெல்லாம் இங்க கொண்டாந்து தொங்கவிடச் சொல்லு. இவ்வளவு ஆவியையும் நான் ஒரு ஆளா குடிச்சுத் தீர்க்கணும்?"

கணவன் அவளைப் பார்த்தான். அவள் எழுந்து உள் அறை வாசல் வரை போனாள்.

"தூள் விழுமே மாமா," என்றாள். கட்டிலைப் பார்த்துத்தான் சொன்னாள், சுவரைப் பார்த்து அல்ல.

"நல்லா தொடைச்சுட்டுக் கொண்டா," என்றார் அவர்.

ஈரத்துணியும் கூடாது, காய்ந்த துணியில் ஒவ்வொன்றையும் துடைத்து, இரண்டு கயிறுகளில் குறுக்காகத் தொங்கவிட்டார்கள். இயந்திரத்தைக் கிழவரின் தலைமாட்டுக்கும் விற்களுக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். ஆவி நேராக மரத்தில் படாதபடி ஒரு திரை கட்டினாள். டாக்டரைப் போனில் கேட்டாள். மரம் சும்மா தொங்கினால் ஒன்றுமில்லை, அறைக்குள் மட்டும் தேய்க்காதே என்றார். அங்கே தேய்க்கும் எண்ணம் அவளுக்கும் இல்லை.

காலையிலும் மாலையிலும் தராசோடு வருவாள். மாமனார் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் சும்மா பார்த்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"ஏறிச்சா?"

"கொஞ்சம்."

"அந்த ஓரத்துல இருக்கறவன்?"

"அவன் அப்படியேதான் இருக்கான்."

"என்னை மாதிரி. சாப்பிட்டாலும் ஒடம்புல ஒட்டறதில்ல." இருமிவிட்டுச் சொல்வார்: "ஒருநாள் என்னையும் அந்தத் தராசுல போடேன்."

ஒரு சாயங்காலம், அவள் வில்லைக் கயிற்றில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார். "டாக்டர் தூசின்னு கேட்டப்ப நான் உன்னைப் பாத்தேன்."

"பாத்தீங்க."

"கோவமா?"

அவள் வில்லின் இரு முனையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "கோவப்பட நேரமில்லை மாமா. ஆனா ராத்திரி படுத்தா அதுதான் ஞாபகம் வருது. ஒருவேளை என் தூள்தானோன்னு."

அவர் மூச்சு கரகரத்தது. "பெயிண்ட் இருக்கு. சிகரெட் இருக்கு. உன் தூளும் இருக்கு. உள்ள போய்ப் பிரிச்சா பாக்க முடியும்?"

"முடியாது."

"அப்ப விடு. டீ வெச்சா குடிப்பேன்."

அவள் போய் டீ வைத்தாள். மனசு லேசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தூளும் இருக்கு என்றுதான் அவர் சொன்னார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை அவளிடமே சொன்னார்.

எடை ஓரளவு ஏறியதும் சோதிக்கத் தொடங்கினாள். முன் அறைச் சுவரில் அடித்த பலகையில் வில்லை மாட்டி, கப்பி வழியாகக் கயிறு ஓட்டி, எட்ட நின்று இழுத்தாள். முதல் வில் நன்றாக வளைந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். படாரென்று ஒடிந்து, ஒரு துண்டு பறந்து போய் எதிர்ச்சுவரில் மோதி விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்று உள்ளேயிருந்து கிழவர் கத்தினார்.

"ஒண்ணு போச்சு மாமா."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை."

"சரி. அடுத்ததைப் பாரு."

அடுத்தது நின்றது. அதற்கடுத்தது முனை விட்டது. பிறகு இன்னொன்றும் ஒடிந்தது. வெடிப்பு கண்ட இரண்டை இழுக்காமலே ஒதுக்கினாள். கடைசியில் தேறியவை ஏழு. எத்தனையோ மாத வேலையில் பாதிக்குப் பக்கத்தில் விறகாகிவிட்டது. துண்டுகளைப் பொறுக்கி மூலையில் வைத்துவிட்டு, தோள் இரண்டையும் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. தோள்தான் வலித்தது.

அந்த வாரத்திலேயே கழகத்தின் கோச் வந்தாள். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, ஈரக் காலோடு தயங்கி நின்றாள். தேர்வுப் போட்டி நெருங்கிவிட்டது. கதையை முழுக்கக் கேட்டாள். மூலையில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டையும் பார்த்தாள்.

"இதுல வெடிப்பு கண்ணுக்கே தெரியலையே. குடுங்க, மெதுவா இழுக்கச் சொல்றேன்."

"வேணாங்க."

"பிள்ளைங்க ரொம்ப நாளா காத்துட்டிருக்காங்க. அஞ்சு பேர்கிட்ட இல்லைன்னு நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

அவள் ஒடிந்த துண்டு மோதிய சுவரைக் காட்டினாள். காரை பெயர்ந்து குழி விழுந்திருந்தது. "அது சுவர். பிள்ளை முகத்துக்குப் பக்கத்துல வெச்சு இழுக்கறது இது. உங்க மேல கோவமில்லை. ஆனா தரமாட்டேன்."

கோச் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று. "சரி. மீதிக்கு நான் கம்பெனி வில் வாங்கிக்கறேன்," என்றாள். அப்படிச் சொன்னதன் அர்த்தம் இருவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வருஷமும் அங்கேயேதான் வாங்குவாள்.

ஒருவழியாக மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்தது. அவள் எல்லா வேலையையும் போட்டுவிட்டு ஏழுக்கும் வார்னிஷ் பூசினாள். ஒரு பூச்சு, காய்ந்ததும் மெல்லத் தேய்த்து இன்னொன்று. நாண் மாட்டும் காடிக்குள்ளும் தோல் சுற்றிய பிடியின் விளிம்பிலும் சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்தாள். நீர் உள்ளே போவது அங்கேதான். கடைசியில் மெழுகு. தேய்ப்பதை மட்டும் மொட்டைமாடியில் வைத்துக்கொண்டாள். படியேறி இறங்கி முழங்கால் விட்டுப்போயிற்று. இனிமேல் இழைப்பதும் அங்கேதான் என்று கணவனிடம் சொன்னாள். கூரை போட வேண்டும், தகரமாவது போட வேண்டும் என்று அவன் கணக்குப் போட ஆரம்பித்தான். "அப்புறம் பேசலாங்க," என்றாள்.

தேர்வுப் போட்டிக்கு அவள் போவதாக இல்லை. நாத்தனார்தான் விடவில்லை. "அப்பாவை அண்ணன் பாத்துப்பான். நீங்க வரீங்க. நானும் வரேன். நான் கெடுத்தது போக மிச்சம் என்ன பண்ணுதுன்னு எனக்கும் பாக்கணும்."

மைதானத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதன் கீழே பெஞ்சு. வானம் மறுபடி மூடிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மரவில் வைத்திருந்தவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். முதல் பெண் வில்லைத் தூக்கும்போது அவள் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். அம்பு போயிற்று. இரண்டாவது பெண். மூன்றாவது. நாண் விடும் சத்தம் ஒரே சீராக டப், டப்பென்று வந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்தது. கோச் தன் துண்டை எடுத்து ஓடி, ஒவ்வொரு வில்லாகத் துடைத்துக் கொடுத்தாள்.

பெஞ்சின் பின்னால் சாய்ந்துகொள்ளத் தூண் இருந்தது. கொஞ்சம் சாயலாம் என்று சாய்ந்தாள். எந்த இடத்தில் கண் மூடியது என்று தெரியவில்லை.

விழித்தபோது மைதானத்தில் இலக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தன் மேல் நாத்தனாரின் சால்வை கிடந்தது. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, எழுப்பக்கூடாதா?"

"மனசு வரலை அண்ணி. வாயைத் தொறந்துட்டுத் தூங்கினீங்க."

"யாரு ஜெயிச்சா?"

"அது யாரோ ஒரு பொண்ணு. கம்பெனி வில்லு." நாத்தனார் கொஞ்சம் நிறுத்தினாள். "நம்மளோடது எதுவும் ஒடியலை."

அவள் தலையாட்டினாள். சால்வையை மடித்துக் கொடுத்தாள். தூறல் விட்டிருந்தது. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் மாமனாரின் மருந்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு பேரும் நடக்கத் தொடங்கினார்கள்.